'போலீசில் பரபரப்பு வாக்குமூலம்' ஏன் கோர்ட்டில் செல்லாது?

ஒரு கொலை நடக்கிறது. இரண்டு நாளில் ஒருவரைப் பிடிக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் 'போலீசில் பரபரப்பு வாக்குமூலம்' என்ற தலைப்பில் முழுக் கதையும் வந்துவிடுகிறது. எப்படித் திட்டம் போட்டேன், கத்தியை எங்கே வாங்கினேன், உடலை எங்கே வீசினேன் என்று பிடிபட்டவரே பேசுவதுபோல எழுதியிருப்பார்கள். ஐந்தாறு வருடம் கழித்து அதே வழக்கில் அவர் விடுதலை ஆகிறார். படித்தவர்களுக்குக் கோபம் வருகிறது. அவனே ஒத்துக்கொண்டானே, அப்புறம் எப்படி விட்டார்கள்?

நியாயமான கேள்விதான். அந்த வாக்குமூலத்தை நீதிபதி சாட்சியமாக எடுத்துக்கொள்ளவே முடியாது என்பதுதான் பதில். வீடியோவில் பதிவு செய்திருந்தாலும் முடியாது. 2022-ல் கர்நாடகக் கொலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. கைதானவர்கள் விசாரணை அதிகாரி முன் பேசியதை டிவிடியில் எடுத்து, அது தனியார் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. படம் பிடித்திருந்தாலும் அது போலீசிடம் சொன்ன ஒப்புதல்தான், செல்லாது என்றது நீதிமன்றம். குற்றத்தை விசாரிக்க வேண்டிய இடம் தொலைக்காட்சி அல்ல என்று கண்டிக்கவும் செய்தது.

இதைச் சட்டத்தின் ஓட்டை என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், ஒரு குற்ற வழக்கில் சாதாரண மனிதருக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான். இந்த விதி எங்கெல்லாம் தளர்த்தப்பட்டதோ, அங்கெல்லாம் என்ன நடந்தது என்பதைத் தமிழர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறோம்.

முதலில் அடிப்படை. வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்றது 1872-ம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 60-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் அதுவே 55-வது பிரிவு. பார்த்ததைப் பற்றி என்றால் பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும். கேட்டதைப் பற்றி என்றால் கேட்டவர் வர வேண்டும். "எதிரி கத்தியோடு ஓடியதைப் பார்த்ததாக டீக்கடைக்காரர் என்னிடம் சொன்னார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கூண்டில் சொன்னால், அது செவிவழிச் சாட்சியம். (எதிரி என்றால் கோர்ட் மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர்.) டீக்கடைக்காரரைக் கூப்பிடு என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். காரணம் எளிது. எத்தனை மணி, வெளிச்சம் இருந்ததா, எதிரியோடு முன்விரோதம் உண்டா என்று டீக்கடைக்காரரைத்தான் குறுக்கு விசாரணை செய்ய முடியும். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் "எனக்குத் தெரியாது, அவர் சொன்னார்" என்பதோடு முடிந்துவிடும்.

ஆனால் இன்னொருவர் சொன்னதை எடுத்துச் சொன்னாலே அது செவிவழிச் சாட்சியம் ஆகிவிடாது. இதற்கு உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் முன்னுதாரணம் மலாயாவில் நடந்த ஒரு தமிழரின் வழக்கு. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ் அரசு அங்கே அறிவித்திருந்த நெருக்கடிநிலைக் காலம். 1955-ல் ஜொகூர் மாநிலத்தில் சுப்ரமணியம் என்பவர் காயமடைந்த நிலையில் பாதுகாப்புப் படையினர் கையில் சிக்கினார். அவரிடம் துப்பாக்கிக் குண்டுகள் இருந்தன. அந்தக் காலத்தில் அதற்கு மரண தண்டனை. பயங்கரவாதிகள் தன்னைப் பிடித்து வைத்திருந்தார்கள், மிரட்டலுக்குப் பயந்துதான் அவர்களோடு இருந்தேன் என்றார் அவர். அவர்கள் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று அவர் சொல்லப் போனபோது, அந்தப் பயங்கரவாதிகளே சாட்சி சொல்ல வந்தாலொழிய இது செவிவழிச் சாட்சியம் என்று விசாரணை நீதிபதி தடுத்துவிட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது.

1956-ல் லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கான கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் இலங்கையைச் சேர்ந்த நீதிபதி எல்.எம்.டி. டி சில்வா. ஒருவர் சொன்னது உண்மை என்று நிரூபிப்பதற்காக அதைக் கொண்டுவந்தால் அது செவிவழிச் சாட்சியம். அப்படிச் சொல்லப்பட்டது என்பதை மட்டும் நிரூபிக்க என்றால் அல்ல. "உன்னைக் கொன்றுவிடுவோம்" என்பது மெய்யான மிரட்டலா, வெறும் பேச்சா என்பது இங்கே பொருட்டே இல்லை. கேட்ட மனிதர் பயந்தாரா என்பதே கேள்வி. எதற்காகச் சொல்லப்படுகிறது என்ற இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் புரியும்.

இப்போது போலீஸ் அதிகாரி கூண்டில் ஏறட்டும். போலீஸ்காரர் சாட்சியத்தை நம்பவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம். உடல் கிடந்த இடம், ரத்தக்கறை, பார்வை மகஜர் (சாட்சிகள் முன் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், எத்தனை மணிக்குப் போனார், எதைக் கைப்பற்றினார், இதெல்லாம் நேரடிச் சாட்சியம். நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டனை கொடுக்கலாம். சிக்கல், "என் விசாரணையில் இரண்டாம் எதிரிதான் கத்தியால் குத்தினார் என்று தெரியவந்தது" என்று அவர் சொல்லும்போது வருகிறது. தெரியவந்தது என்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ கூண்டுக்கு வரவில்லை என்றால் அதற்கு மதிப்பில்லை.

"ரகசியத் தகவல் கிடைத்தது, அதன்பேரில் போனோம்" என்பதும் இந்த வகையில்தான் வரும். கஞ்சா வழக்குகளில் பெரும்பாலும் கதை இப்படித்தான் தொடங்குகிறது. போலீஸ் ஏன் அந்த இடத்துக்குப் போனது என்பதை விளக்க அது உதவும். அந்த வீட்டில் கஞ்சா விற்கப்பட்டது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. தகவல் கொடுத்தவர் யார் என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்தவும் சட்டத்தில் வழியில்லை. ஆக, அந்த ஆளைக் குறுக்கு விசாரணை செய்ய ஒருபோதும் முடியாது. அப்படிப்பட்ட ஒருவரின் பேச்சு தீர்ப்பில் உண்மையாக நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நீதிபதியின் கடமை.

அடுத்தது, விசாரணையின்போது சாட்சிகளிடம் போலீஸ் எழுதி வாங்கும் வாக்குமூலங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161-வது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 180. வக்கீல்கள் இன்னும் '161 ஸ்டேட்மென்ட்' என்றுதான் சொல்கிறார்கள். இதில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. பலருக்கு இது வியப்பாக இருக்கும். கையெழுத்து வாங்கிவிட்டால், பின்னால் கோர்ட்டில் உண்மையைச் சொல்ல நினைக்கும் சாட்சியை அந்தத் தாளே கட்டிப்போட்டுவிடும். அதைத் தவிர்ப்பதற்காகத்தான் இந்தத் தடை.

இந்த வாக்குமூலத்தின் பயன் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாட்சி கூண்டில் சொல்வதோடு அது முரண்பட்டால் அந்த முரண்பாட்டைக் காட்டலாம். 1959-ல் தாசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் எல்லைகளை விரிவாக வகுத்தது. நடைமுறையில் இது எப்படி நடக்கும் என்றால், "வெட்டியதை நேரில் பார்த்தேன் என்று போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறீர்கள், சரியா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். சாட்சி மறுப்பார். கடைசியில் புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, "அந்தச் சாட்சி என்னிடம் அப்படிச் சொல்லவில்லை" என்று அவர் வாயாலேயே வாங்கிவிடுவார். எத்தனையோ வழக்குகளின் முடிவு இந்த ஒற்றை வரியில் தொங்குகிறது. அரசுத் தரப்பும் தன் சாட்சி பிறழும்போது, நீதிமன்ற அனுமதியோடு இதே தாளை எடுத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆனால் சாட்சி கோர்ட்டில் மறுத்துவிட்டார் என்பதால் போலீஸ் தாளில் உள்ளது உண்மை ஆகிவிடாது. அது காலியிடமாகவே இருக்கும்.

இந்த அவநம்பிக்கை ஏன்? அந்தத் தாளை எழுதியவர் சாட்சி அல்ல, காவல் நிலையத்து ரைட்டர் அல்லது இன்ஸ்பெக்டர். படிப்பறிவில்லாத கூலித் தொழிலாளியின் பேச்சு அதில் 'மேற்படி எதிரிகள் சட்டவிரோதமாகக் கூடி' என்று மாறியிருக்கும். ஐந்து சாட்சிகளின் வாக்குமூலம் ஒரே நகலாக இருப்பதும் உண்டு. ஒருவர் சொன்னதும் இன்னொருவர் எழுதியதும் வேறு வேறு. சாட்சி பின்னால் மாறிவிடுவார் என்று போலீசுக்குப் பயம் இருந்தால், மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதிவு செய்ய வழி இருக்கிறது. பழைய 164, இப்போது 183.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த சம்பவத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இருவரும் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டது என்றது போலீஸ் எழுதிய முதல் தகவல் அறிக்கை. அன்றிரவு அந்த நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தான் கண்டதை விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். இரண்டுமே போலீஸ்காரர்களின் கூற்றுகள்தான். ஒன்று நிலையத்துத் தாள், மற்றது கண்ணால் கண்டவரின் வார்த்தை.

கைதானவரின் ஒப்புதலுக்கு வருவோம். இந்தத் தடையின் வரலாற்றில் சென்னை மாகாணத்துக்கு நேரடியான இடம் உண்டு. வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் அரசின் கீழ்மட்ட ஊழியர்கள் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை ஆராய அமைத்த ஆணையம் 1855-ல் அறிக்கை கொடுத்தது. கைவிரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி முதல் பல கொடுமைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. அந்த நாட்களில் வரி வசூலும் காவல் வேலையும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் கையில்தான் இருந்தன. ஆறு வருடம் கழித்து, 1861-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்ற விதி வந்தது. 1872-ல் அது சாட்சியச் சட்டத்தின் 25, 26-வது பிரிவுகளாகி, இப்போது புதிய சட்டத்தில் 23-வது பிரிவாகத் தொடர்கிறது. இந்திய போலீசை நம்பாத வெள்ளைக்காரன் போட்ட சட்டம் என்று சிலர் வாதிடுவதுண்டு. சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் 2023-ல் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் இந்தத் தடையை எடுக்கத் துணியவில்லை என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

தடைக்கு ஒரு பக்கவாசல் உண்டு. பழைய 27-வது பிரிவு. காவலில் இருப்பவர் கொடுத்த தகவலால் ஒரு பொருளோ விவரமோ கண்டுபிடிக்கப்பட்டால், கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். இதன் அளவைத் தீர்மானித்தது குண்டூர் கொலை வழக்கு ஒன்று. 1946-ல் புலுகூரி கொட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்ன உதாரணத்தை இன்றும் நீதிபதிகள் எடுத்தாள்கிறார்கள். "நான் ஒளித்து வைத்த கத்தியைக் கூரையிலிருந்து எடுத்துத் தருகிறேன்" என்பது செல்லும். "அந்தக் கத்தியால்தான் அவரைக் குத்தினேன்" என்பது செல்லாது. கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பது மட்டுமே நிரூபணம் ஆகிறது. ஒரு பொருளை எடுத்தாலே முழு ஒப்புதலும் உள்ளே வந்துவிடும் என்று விட்டால், எல்லா வழக்கிலும் ஏதாவது ஒரு பொருளை எடுக்க வைக்கும் சாமர்த்தியம் போலீசுக்கு வந்துவிடும், தடை செத்துப்போகும் என்று அந்தத் தீர்ப்பு எச்சரித்தது.

அந்த எச்சரிக்கை எவ்வளவு சரி என்பதை நம் ஊர் செஷன்ஸ் கோர்ட்டுகளில் உட்கார்ந்தால் தெரியும். கைது, வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) முன்னிலையில் ஒப்புதல், அதில் 'ஏற்கத்தக்க பகுதி' என்று அடிக்கோடிட்ட இரண்டு வரி, முள்ளுக்காட்டிலிருந்து ரத்தக்கறை படிந்த அரிவாள், மகஜரில் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்து. வழக்குக்கு வழக்கு இதே வரிசை. இன்னொரு வடிவமும் உண்டு. எதிரி தானாகவே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், வி.ஏ.ஓ. அதை எழுதிக்கொண்டு அவரை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார். வி.ஏ.ஓ. போலீஸ் அதிகாரி இல்லை என்பதால் இது தடையில் சிக்காது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு கிராம அலுவலரைத் தேடிப் போய் ஒருவர் ஏன் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும்? நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைப் பல வழக்குகளில் எழுப்பி, அப்படிப்பட்ட ஒப்புதலை ஒதுக்கியிருக்கின்றன. எல்லா வழக்கிலும் எழுப்ப வேண்டும் என்பேன்.

இப்படித் தடுத்தால் கொலைகாரர்கள் தப்பிவிட மாட்டார்களா? 1939-ல் பிரிவி கவுன்சில் முடிவு செய்த பகாலா நாராயண சுவாமி வழக்கைப் பார்க்கலாம். 1937 மார்ச்சில் பூரி ரயில் நிலையத்தில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் துண்டு துண்டாக வெட்டிய உடல் கிடைத்தது. இறந்தவர் பித்தாபுரத்தைச் சேர்ந்தவர், எதிரியின் மனைவிக்குக் கடன் கொடுத்தவர். "பணம் வாங்கிக்கொள்ள வரச் சொல்லியிருக்கிறார்கள், பெர்ஹாம்பூர் போகிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். இதை அந்த மனைவி கோர்ட்டில் சொன்னால் செவிவழிச் சாட்சியம்தான். ஆனாலும் பிரிவி கவுன்சில் ஏற்றது. சொன்னவர் உயிரோடு இல்லை, சொன்னது அவருடைய சாவுக்கு இட்டுச்சென்ற நிகழ்வைப் பற்றியது. மரண வாக்குமூலத்தை ஏற்கும் அதே பிரிவில் இது வரும். இதற்கு நேர்மாறாக, அவர் என் வீட்டுக்கு வந்து தங்கினார் என்று எதிரி கைதாவதற்கு முன்பே போலீசிடம் சொன்னதை ஏற்க மறுத்தது. போலீஸ் விசாரணையில் யார் சொன்னதும், பின்னால் எதிரியாகப் போகிறவர் சொன்னதும்கூட, தடைக்குள் வரும் என்றது. அதை நீக்கிய பிறகும் மனைவியின் சாட்சியமும், அந்தப் பெட்டி எதிரிக்காக வாங்கப்பட்டது என்ற சாட்சியமும் மிச்சம் இருந்தன. தண்டனை உறுதியானது. வேலையை ஒழுங்காகச் செய்த வழக்கு இந்தத் தடையால் தோற்பதில்லை.

தடையைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு, பயங்கரவாதத்தைத் தடுக்க என்று கொண்டுவந்த தடா சட்டம் சாட்சி. அதன் 15-வது பிரிவு, காவல் கண்காணிப்பாளரும் அதற்கு மேற்பட்டவர்களும் பதிவு செய்யும் ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது. 1994-ல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை அனுமதித்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998-ல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, நான்கு பேருக்கு மரண தண்டனையை உறுதி செய்தது. தடா குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின் கீழ் வாங்கிய ஒப்புதல்களை மட்டும் ஏற்றுக்கொண்டது.

பேரறிவாளனின் ஒப்புதலில் இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்த விவரம் இருந்தது. அதைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி, ஓய்வுபெற்ற பின் 2013-ல் வெளிப்படையாகப் பேசினார். அவை எதற்குப் பயன்படப் போகின்றன என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். விடுபட்டது ஒரே ஒரு வாக்கியம். சதியில் பங்கு உண்டா இல்லையா என்பதே அந்த வாக்கியத்தில் இருந்தது. எழுதுபவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. 2022 மே மாதம் அவர் விடுதலையானது வேறு சட்டக் காரணத்தால். அதற்குள் 30 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது.

இலங்கையிலும் இதே கதைதான். சாதாரணச் சட்டப்படி போலீசிடம் சொன்ன ஒப்புதல் அங்கும் செல்லாது. 1979-ம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அதற்கு மேற்பட்டவர்களும் வாங்கிய ஒப்புதலை ஏற்றது. அது கட்டாயத்தால் வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையையும் எதிரி மேலேயே போட்டது. சிங்கராசா என்ற தமிழருக்கு அப்படிப்பட்ட ஒப்புதலை வைத்து 50 ஆண்டுச் சிறை, மேல்முறையீட்டில் 35 ஆண்டு. அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவரும் போலீஸ்காரர். நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-ல் முடிவு சொன்னது.

இந்தியாவில் தடாவும், அதற்குப் பின் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவும் போய்விட்டன. இப்போதைய சண்டை, 'போலீஸ் அதிகாரி' என்றால் யார் என்பதில் நடக்கிறது. சென்னையில் தொடங்கிய ஹெராயின் வழக்கான தோபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் இந்தத் தடைக்குள் வரும் போலீஸ் அதிகாரிகளே என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதுவரை அவர்கள் வாங்கிய ஒப்புதலை மட்டும் வைத்தே எத்தனையோ பேர் பத்து வருடத் தண்டனை அனுபவித்தார்கள். அமலாக்கத் துறை அதிகாரிகள் போலீஸ் இல்லை என்றது 2022-ம் ஆண்டுத் தீர்ப்பு. அவர்கள் சம்மன் அனுப்பி வாங்கும் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். அதில் பதில் சொல்லாமல் இருந்தாலோ பொய் சொன்னாலோ தண்டனை உண்டு. ஏற்கெனவே சிறையில் இருப்பவரிடம் அந்தத் துறை இன்னொரு வழக்குக்காக வாங்கிய ஒப்புதல் செல்லாது என்று 2024 ஆகஸ்டில் பிரேம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லை போட்டது. காவலில் இல்லாதவரை நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார வைத்து வாங்கும் வாக்குமூலத்துக்கு இந்த எல்லை பொருந்தாது. கைது செய்யும் அதிகாரமும் அந்த அதிகாரியிடம்தான் இருக்கிறது, வாக்குமூலத்தை எழுதுவதும் அவர்தான்.